இரண்டு தோல்களின் வரலாறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால், கடலைப் பார்த்து மணலில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியிருந்தது. வேதியியல் முதுகலை படிக்கும் தோழர் ஒருவர் கைப்பேசியில் ஒரு ஆய்வுச் செய்தியைக் காட்டினார். மூலிகைச் சாற்றை நானோ துகள்களில் ஏற்றிச் செய்த களிம்பு. ரசாயனம் பட்டுத் தோல் சிவந்து வீங்குவதை முன்கூட்டியே தடுக்கிறதாம். எலியின் காதில் பூசிப் பார்த்திருக்கிறார்கள். அவர் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, வட்டத்துக்கு வழக்கமாக வரும் அக்கா ஒருவர் தன் இரண்டு கைகளையும் திருப்பி நீட்டினார். பக்கத்துத் தெருக்களைப் பெருக்குகிறவர், ஒப்பந்தப் பணியாளர். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. மணிக்கட்டுக்குக் கீழே தோல் தடித்துக் கறுத்திருந்தது. பிளீச்சிங் பவுடர் தூவுகிற கை அது.

"தம்பி, கிளவுசுக்குள்ள வேர்வை ஊறுமே. அப்ப இது கையில நிக்குமா?"

தோழரிடம் பதில் இல்லை. எலியின் காது வேர்ப்பதில்லை. எலி கையுறை போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் வேலை செய்வதும் இல்லை. ஆய்வைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் ஆய்வு நடக்கிற அறைக்குள் ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்காகச் சொல்கிறோம். அன்றைக்குப் பிறகு நாங்கள் தேடிப் படித்ததில் ஒரு பகுதிதான் இது. தமிழில் தோல் என்றால் மனிதருடைய தோலும் அதுதான், மாட்டுத் தோலும் அதுதான். இந்த நகரத்தில் இரண்டின் வரலாறும் ஒன்றாகவே ஓடியிருக்கிறது.

முதலில் ஒரு சின்னச் செய்தி. ஆய்வகங்களில் எலியின் காதை வீங்க வைக்க அதிகம் பயன்படும் பொருளுக்கு டி.பி.ஏ. என்று பெயர். அது நேர்வாள எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நேர்வாளம் நம் சித்த வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த விதை. கடும் பேதி மருந்து, நஞ்சும்கூட. அதனால்தான் சுத்தி செய்யாமல் அதை மருந்தில் சேர்க்கக் கூடாது என்பார்கள். ஆக, புண்ணாக்குவதும் மூலிகை, ஆற்றுவதும் மூலிகை. "மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை" என்று விளம்பரம் செய்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு விதை சேங்கொட்டை. சேராங்கொட்டை என்றும் சொல்வார்கள். அதன் கறுப்புப் பால் துணியில் பட்டால் எத்தனை வெளுப்புக்கும் போகாது. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று அடையாளம் வைக்க வண்ணார்கள் காலங்காலமாக அதைத்தான் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினர் சிலருக்குக் கழுத்திலும் இடுப்பிலும், சட்டையில் குறி வைத்த இடத்துக்கு நேராக, கொப்புளம் கொப்புளமாக வந்தது. படை மருத்துவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து 1943இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். நோய்க்கு அவர்கள் வைத்த பெயர் 'டோபி மார்க் டெர்மடைடிஸ்', அதாவது வண்ணான் குறித் தோல் அழற்சி. தொடையிடுக்கில் வரும் படைக்கு வெள்ளைக்காரர்கள் ஏற்கெனவே 'டோபி இட்ச்' என்று பெயர் வைத்து, பழியை வெளுத்தவர் மேல் போட்டிருந்தார்கள்.

கவனியுங்கள். சட்டை போட்டவரின் தோல் மருத்துவ இதழில் ஏறியது. அந்தக் கொட்டையை ஊசியால் குத்திக் குத்தி வாழ்நாள் முழுக்கக் குறி வைத்தவரின் விரல்கள் என்ன ஆயின? உவர்மண்ணின் காரத்திலும் வெள்ளாவியின் ஆவியிலும் நின்ற கால்கள் என்ன ஆயின? தாழ்த்தப்பட்டவர்களுக்கே துணி வெளுத்து, கண்ணில் பட்டாலே தீட்டு என்று விரட்டப்பட்ட புதிரை வண்ணார்களின் கைகளை எந்த மருத்துவர் தொட்டுப் பார்த்தார்? நோய்க்கு அவர்கள் பெயர் கிடைத்தது. அவர்களுக்கு மருந்து கிடைக்கவில்லை.

சேங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் முந்திரி. பிரேசிலிலிருந்து அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். நாங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த இந்தச் சாந்தோமில் 1520களில் குடியேறிய அதே போர்த்துக்கீசியர்கள். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் வெந்து உரியும். கொல்லம் பகுதி முந்திரி ஆலைகளை ஆராய்ந்த ஸ்வீடன் வரலாற்றாளர் அன்னா லிண்ட்பெர்க் ஒன்றைக் கவனித்தார். ஓடு உடைக்கும் வேலையில் புலையர், குறவர் போன்ற சாதிப் பெண்கள் இருந்தார்கள். பருப்பைத் தரம் பிரிக்கும் சுத்தமான வேலையில் நாயர் பெண்கள் இருந்தார்கள். ஒரே கூரை, ஒரே முதலாளி. ஆனால் யார் கையில் அமிலம் படும் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. ஓடு உடைக்கும் பெண்களிடம் இருந்த பாதுகாப்புக் களிம்பு என்ன தெரியுமா? சாம்பலும் எண்ணெயும்.

சாந்தோமிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் ராயப்பேட்டை. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவராக இருந்ததும், 1907 ஜூன் மாதம் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியதும் அங்கேதான். பௌத்தம், பூர்வ வரலாறு பற்றியெல்லாம் அவர் எழுதியதை இன்று நாம் வாசிக்கிறோம். ஆனால் அவருக்குச் சோறு போட்டது வைத்தியம். பறையர்களிடமும் அம்பட்டர்களிடமும் இருந்த மருத்துவ அறிவு எப்படிப் பறிக்கப்பட்டது, பறித்த பிறகு அவர்கள் எப்படி இழிவாக்கப்பட்டார்கள் என்ற கேள்வி அவருக்கு வெறும் கொள்கைக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. தினமும் நாடி பிடித்துப் பார்த்த கை அது. அவர் 1914 மே மாதம் மறைந்தார். அதே 1914இல்தான் மதராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேற்கத்திய மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர் மட்டுமே பதிவு பெற்ற மருத்துவர் என்றது சட்டம். பிறகு 1921இல் நீதிக்கட்சி அரசு முகமது உஸ்மான் தலைமையில் நாட்டு வைத்தியங்களை ஆராயக் குழு அமைத்தது. 1923இல் அறிக்கை வந்தது, அதன் தொடர்ச்சியாக அரசே இந்திய மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. அது முன்னேற்றம்தான். ஆனால் பள்ளியும் பட்டமும் வந்தபோது, ஏட்டுச்சுவடி இல்லாமல் கைப்பழக்கமாக வைத்தியம் செய்தவர்கள், பிரசவம் பார்த்தவர்கள், படைக்கும் சொறிக்கும் பச்சிலை அரைத்தவர்கள் வரிசையில் எங்கே நின்றார்கள்?

இந்தக் கேள்வி 1990களில் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. நம்முடைய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம், சி.எஸ்.ஐ.ஆர்., அதை எதிர்த்தது. மஞ்சளின் பயன் ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று காட்ட 32 ஆவணங்களைக் கொடுத்தது. 1997இல் காப்புரிமை ரத்தானது. நாடே கொண்டாடியது. 'பாட்டி வைத்தியத்தை வெள்ளைக்காரனிடமிருந்து மீட்டோம்' என்றார்கள். நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் காப்புரிமை அலுவலகத்தின் முன் பாட்டி சாட்சி சொல்ல முடியாது. சமஸ்கிருத, உருது, இந்தி நூல்கள்தான் சாட்சி சொன்னன. எழுத்து மறுக்கப்பட்டவர்களின் அறிவுக்கு அங்கே ஆவண மதிப்பு கிடையாது.

இனி மாட்டுத் தோலுக்கு வருவோம். சாதி யாரைத் தோலோடு கட்டிப்போட்டதோ அவர்கள்தான் செத்த மாட்டை உரித்தார்கள், ஊறவைத்தார்கள், பதனிட்டார்கள். பறையர்களும் அருந்ததியர்களும் அந்த வேலைக்காகவே தீட்டு என ஒதுக்கப்பட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் ஏற்றுமதிப் பொருளாகி லாபம் கொட்டத் தொடங்கியதும் முதலீடு வேறு கைகளிலிருந்து வந்தது. தீட்டு, பணத்தில் ஒட்டவில்லை. குழிக்குள் இறங்கும் வேலை மட்டும் பழைய கைகளிடமே இருந்தது.

மதராஸ் மாகாணத்தின் புகழ்பெற்ற பதனிடும் பொருள் ஆவாரம் பட்டை. பூவைத் தேநீர் ஆக்கிக் குடிக்கிறோமே, அதே ஆவாரைதான். அதோடு கடுக்காய், அதுவும் திரிபலாவில் சேரும் மருந்துச் சரக்கு. பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்புச் சத்து தோலின் புரதத்தைக் கட்டி இறுக்குகிறது. உயிருள்ள கையிலும் அது அதையே செய்யும், ஆனால் மெதுவாக. அந்த வேலையில் உண்மையில் கையைத் தின்றது பட்டை அல்ல, அதற்கு முந்தைய கட்டமான சுண்ணாம்புக் குழி. மயிர் கழற்றுவதற்காகத் தோலைப் போட்டு வைக்கும் அந்தக் குழியில் வெறுங்காலோடு இறங்கித்தான் மிதித்தார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்கு மதராஸ் தோல் அவ்வளவு தேவைப்பட்டது, 1916 முதல் ஏற்றுமதியை அரசே கையில் எடுத்துக்கொண்டது. சிப்பாயின் காலைக் காத்த தோலை வெறுங்கால் மிதித்துக் கொடுத்தது.

குரோமியம் இதற்கிடையில் வந்துவிட்டிருந்தது. 1884இல் நியூயார்க்கில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் ஆன வேலை சில நாட்களில் முடிந்தது. மதராஸில் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903இல் குரோம் பதனிடுதலைச் சோதிக்கத் தொடங்கினார். அவர் முதலில் மனத்தில் வைத்த பொருள்களில் ஒன்று காலணி அல்ல, கிணற்றில் நீர் இறைக்கும் கவலைத் தோல். ஆவாரம் பட்டைத் தோல் தண்ணீரில் ஊறி அழுகிவிடும், குரோம் தோல் நீண்ட நாள் தாங்கும். பிறகு பல்லாவரத்துக்கு அருகே குரோம் லெதர் கம்பெனி வந்தது. அந்தக் கம்பெனியின் பெயரால்தான் குரோம்பேட்டை. மின்சார ரயிலில் தினமும் அந்த அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறீர்களே, அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு வேதிப்பொருள் உட்கார்ந்திருக்கிறது.

அந்த வேதிப்பொருள் கைக்கு என்ன செய்யும் என்பது அப்போதே தெரியாத ரகசியமா? இல்லை. கிளாஸ்கோவில் வில்லியம் கியூமின் என்ற மருத்துவர் 1827இலேயே பைகுரோமேட் சாயத் தொழிலாளர்களின் கைகளைத் துளைத்து ஆழமான புண்ணாக்குவதைப் பதிவு செய்துவிட்டார். அந்தக் கட்டுரையின் தலைப்பைப் பார்த்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டுரையின் ஒரு பாதி பைகுரோமேட் பற்றியது. மறுபாதி 'மதார்' என்ற இந்தியச் செடியின் மருத்துவ குணங்கள் பற்றியது. மதார் என்பது வேறொன்றுமில்லை, நம் சுடுகாட்டு ஓரத்து எருக்கு. இந்தியாவிலிருந்து போன மூலிகையும், இந்தியக் கைகளை நோக்கி வரப்போகும் நஞ்சும் ஒரே கட்டுரையில், சென்னையில் குரோம் காலெடுத்து வைப்பதற்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்.

குரோமியப் புண்ணைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தோலில் ஆணி அடித்து எடுத்தது போல வட்டமான குழி. பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் ஆபத்து, வலிக்காததால் வேலையை நிறுத்த மாட்டார்கள். இதைச் செய்வது ஆறிணைய குரோமியம். மூவிணைய குரோமிய உப்பு அந்த அளவு துளைப்பதில்லை, பின்னாளில் பதனிடுதல் பெருமளவு அதற்கு மாறியது. ஆனால் குரோமியம் இன்னொரு வேலையையும் செய்யும். சிலருக்கு ஒவ்வாமை ஏற்படும். ஒருமுறை உடம்பு அதை எதிரியாகப் பதிந்து வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க மறக்காது. பிறகு துளி சிமெண்டு பட்டால்கூடக் கை வெடிக்கும், ஏனென்றால் சிமெண்டிலும் ஆறிணைய குரோமியம் உண்டு. தோல் தொழிற்சாலையை விட்டுக் கட்டட வேலைக்குப் போனவருக்கு நோயும் கூடவே போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் சிமெண்டில் கரையும் ஆறிணைய குரோமியத்தைப் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அதற்கு முன்பே டென்மார்க்கில் சிமெண்டோடு இரும்பு சல்பேட் கலந்து அதைச் செயலிழக்க வைத்தார்கள். இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர்கள் தொழிலாளியின் கையில் எதையும் பூசவில்லை. மூட்டைக்குள் இருந்த சிமெண்டை மாற்றினார்கள்.

நம் சட்டத்தில் இதெல்லாம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய்களைப் பட்டியலிட்டது. குரோமியப் புண் அதில் பெயர் சொல்லி இருக்கிறது. ரசாயனத்தாலும் சாயத்தாலும் வரும் தோல் அழற்சியும் இருக்கிறது. நிர்வாகி அறிவிக்க வேண்டும். பார்த்த மருத்துவரும் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது அதன் 89ஆம் பிரிவு. 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது. தோல் பதனிடும் ஆலைகளுக்கென்று மாநிலத் தொழிற்சாலை விதிகளில் வகுக்கப்பட்ட அட்டவணை இன்னும் நுணுக்கமானது. குரோமியம் படுகிறவர்களின் கைகளைப் பொறுப்பான ஒருவர் வாரத்துக்கு இரண்டு முறை சோதிக்க வேண்டும். நீர் புகாத காலணி, கையுறை, ஏப்ரன் தர வேண்டும். தகுந்த களிம்பும் நீர் புகாத ஒட்டுப்பட்டையும் தொழிலாளர் எட்டும் இடத்தில், அதற்கென்றே உள்ள பெட்டியில் இருக்க வேண்டும்.

களிம்பு! நானோ வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே களிம்பு சட்டத்தில் வந்துவிட்டது. எந்த ஆலையில் அந்தப் பெட்டி திறந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. எங்கள் வட்டத்தில் இரண்டு பேரின் தாத்தாக்கள் தோல் ஆலையில் வேலை செய்தவர்கள். வாரம் இரண்டு முறை கை பார்த்த கதையை அவர்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒரு தாத்தா சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொள்வாராம். அந்தக் கையோடு சோறு பிசைய மாட்டார், பாட்டிதான் உருண்டை பிடித்துத் தருவார்.

சாந்தோமிலிருந்து தெற்கே போய், அடையாறு ஆற்றைத் திரு.வி.க. பாலத்தில் தாண்டினால் சர்தார் பட்டேல் சாலையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். 1948 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. நாயுடம்மா போன்ற பெரிய விஞ்ஞானிகள் அதை நடத்தினார்கள். உலகத் தோல் அறிவியலில் அதற்கு மதிப்பான இடம் உண்டு. குரோமியத்தைக் குறைக்கும் முறைகள், சுண்ணாம்புக்கும் சல்பைடுக்கும் மாற்றாக நொதி கொண்டு மயிர் நீக்கும் முறைகள் எல்லாம் அங்கே உருவாகியிருக்கின்றன. தோலின் கொலாஜனை எடுத்துத் தீக்காயத்துக்குப் போர்வை செய்யும் ஆய்வும் அங்கே நடந்தது. மாட்டுத் தோல் மனிதத் தோலைக் காப்பாற்றுகிற இடம் அது. அதன் பெயரில் உள்ள 'தோல்' என்ற சொல் நமக்கு ஒரு சாதிப் பட்டமாக இருந்ததை நினைத்தால், அந்தக் கட்டடத்தைக் கடந்து போகும்போது கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் கசப்பும் சேர்ந்தே வருகிறது.

ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்தது ஆலைக்குப் போய்ச் சேர எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதை ராணிப்பேட்டை சொல்லும். பைகுரோமேட் தயாரித்த ஒரு தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும், சிப்காட்டில் அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன் அளவுக்கு மலையாகக் கிடந்தது. மழை பெய்தால் நிலத்தடி நீர் மஞ்சளாகும். 1996 ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம், சென்னை உயர்நீதிமன்றத்தில் பசுமை அமர்வு, மாசு செய்தவரே செலவு ஏற்கும் கோட்பாடு. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கிற தீர்ப்பு. அதன் மையம் நிலத்தடி நீரும் விளைநிலமும். ஆலைக்குள் நின்ற கைகள் அந்தக் கதையின் மையத்துக்கு வரவில்லை. 2015 ஜனவரி 31 அன்று அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். குழியின் பெயர் மாறியது, குழிக்குள் தள்ளப்படுகிறவர்களின் ஊர் மாறியது.

சரி, அந்த நானோ களிம்பு உண்மையில் என்ன செய்கிறது? மாணவத் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நாளை இதை ஆராயப்போகிறவர்களும் நீங்கள்தான். நூறு கோடி நானோமீட்டர் சேர்ந்தால் ஒரு மீட்டர். நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். களிம்பு மூன்று விதமாக வேலை செய்யலாம். ஒன்று, வெறும் மறைப்பு, மெழுகு பூசியது போல. இரண்டு, ரசாயனத்தைத் தோலுக்கு வெளியிலேயே பிடித்து வைப்பது அல்லது உடைப்பது. மூன்று, உள்ளே போன பிறகு அழற்சியைத் தணிப்பது. மூலிகை நானோ களிம்புகள் பெரும்பாலும் மூன்றாவது வகை. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது, தோலுக்குள் சரியாக இறங்காது. அதனால் நுண்துகளில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஆய்வகத்தில் பலன் தெரிகிறது. ஆனால் ஏற்கெனவே வெடித்துக் கிடக்கும் தோல் எல்லாவற்றையும் உள்ளே விடும், நல்லதையும் கெட்டதையும். அக்காவின் கை எலியின் காதைப் போல முழுசாக இல்லை.

இரண்டாவது வகைதான் எங்களுக்கு அதிக நம்பிக்கை தந்தது. 1960, 70களிலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர் சாமிட்ஸ், குரோமியம் படுகிறவர்களுக்கு வைட்டமின் சி சேர்த்த பூச்சை முன்வைத்தார். ஆறிணைய குரோமியத்தை அது மூவிணையமாக மாற்றிவிடும். நெல்லிக்காயிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புச் சத்துகளுக்கும் வேதியியலில் அந்தத் திறன் உண்டு. அதற்காக நெல்லிக்காயைப் பிழிந்து தேய்க்கச் சொல்லவில்லை, ஆய்வு செய்யச் சொல்கிறோம். 2011இல் பிரவீன் குமார் வேமுலாவும் அவருடைய அமெரிக்கச் சகாக்களும் கால்சியம் கார்பனேட், கால்சியம் பாஸ்பேட் நானோ துகள்களால் நிக்கலைப் பிடித்து வைக்கும் களிம்பைச் செய்து காட்டினார்கள். கால்சியம் கார்பனேட் என்றால் கிளிஞ்சல் எதனால் ஆனதோ அது. துகள் தோலுக்குள் போகாமல் மேலேயே தங்குவதுதான் அதன் சூட்சுமம். பிறகு வேமுலா பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தில், வயலில் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்காக ஒரு பூச்சைச் செய்தார். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வில், பூச்சு தடவிய எலிகள் மருந்து பட்டும் பிழைத்தன. அதன் அடிப்படை கைட்டோசான், இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. எங்கள் வட்டத்துக்குப் பின்னால் நொச்சிக்குப்பத்துப் பெண்கள் கழித்துப் போடுகிற ஓடு.

ஏன் பூச்சிமருந்து? 2017இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த 20க்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இறந்தார்கள். அடுத்தவர் நிலத்தில் முதுகில் தெளிப்பான் சுமப்பவர் யார் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் அதே அறிவியலைத் துணியில் ஏற்றி 'கிசான் கவச்' என்ற உடையை ஒன்றிய அரசு வெளியிட்டது. அப்போது அதன் விலை சுமார் 4,000 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 319 ரூபாய். பன்னிரண்டு நாள் கூலிக்கும் மேல். நிலத்தின் சொந்தக்காரர் கூலிக்காரருக்கு அதை வாங்கித் தருவாரா?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தொழிலிடக் கை அழற்சியைத் தடுக்கும் வழிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை, ஈரப்பதம் காக்கும் சாதாரணக் களிம்புகளுக்கு ஓரளவு பலன் இருக்கலாம், தடுப்புக் களிம்பை மட்டும் பூசுவதால் பெரிய பலன் தெரியவில்லை என்கிறது. சான்றுகள் உறுதியானவை அல்ல என்றும் அதுவே சொல்கிறது. அதாவது தேங்காய் எண்ணெயைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பல உள்ளாட்சிகளில் தூய்மைப் பணியாளர்களுக்குச் சோப்போடு தேங்காய் எண்ணெயும் கொடுப்பது வழக்கம். மலிவான அந்த எண்ணெய்ப் பாட்டில் ஓர் உரிமை. ஒப்பந்தமயம் வந்ததும் முதலில் காணாமல் போவது அந்த மாதிரிச் சின்ன உரிமைகள்தான். 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்து, நள்ளிரவில் காவல்துறையால் அப்புறப்படுத்தப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் கேட்டது வேலையும் கூலியும் மட்டும் என்று நினைப்பவர்கள், அந்தக் கைகளைக் கிட்டத்தில் பார்க்கவில்லை.

இன்னொரு சிக்கல். தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியல் தொழிற்சாலைக்காகத்தான் எழுதப்பட்டது. தெரு தொழிற்சாலை அல்ல. குரோம் ஆலையில் ஒருவர் கை புண்ணானால் குறைந்தபட்சம் ஏட்டளவில் யாரோ எழுத வேண்டும். பிளீச்சிங் பவுடரில் அக்காவின் கை புண்ணானால் எழுத அந்தச் சட்டத்தில் ஏடே இருந்ததில்லை. கொரோனா காலத்தில், 2020 மார்ச் கடைசியில் பரேலியில் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைச் சாலையில் உட்கார வைத்துக் கிருமிநாசினியைப் பீய்ச்சி அடித்தார்களே, அப்போது நாடு அதிர்ந்தது. அடித்தவர்களில் எத்தனை பேர் கையுறை இல்லாமல் அந்தக் குழாயைப் பிடித்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் அப்போது கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வேதியியல் தோழர் இந்த முறை கைப்பேசியை எடுக்கவில்லை, ஒரு நீளமான கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு கை. என்ன தூவினார்கள், எத்தனை நாள், கையுறை ரப்பரா துணியா, எந்த மாதம் கடைசியாகக் கிடைத்தது, வெடிப்பு எங்கே தொடங்கியது. சட்டக் கல்லூரித் தோழர், பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டால்தான் அது நிற்கும் என்றார். அப்படி ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தோல் மருத்துவம் படிக்கிற தோழர்கள் யாராவது இருந்தால் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தேவாலயத்துக்குப் பின்பக்கம் வாருங்கள். முதல் பக்கம் அக்காவுடையது. வியர்வை பற்றி அவர் கேட்ட கேள்வியை அதன் மேலேயே எழுதி வைத்திருக்கிறோம்.